இரண்டு காலும் தரையில்

காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருகிறவர் காய்ச்சல் என்றே சொல்வார். தூக்கத்துக்கு மருந்து கேட்டு வருகிறவர் மட்டும் வேறு எதையாவது சொல்லித்தான் ஆரம்பிப்பார் என்பது மருந்துக் கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் தலைவலி என்பார். பிறகு தெருநாய், கொசு, பக்கத்து வீட்டு ரேடியோ, மருமகள் என்று ஒவ்வொருவராகச் சாட்சிக்கு வந்து போவார்கள். கடைசியில், கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ராத்திரியில கண்ணு மூட மாட்டேங்குதுங்க" என்பார், திருட்டை ஒப்புக்கொள்கிறவர் குரலில். தூங்க முடியாதவர்கள் ஏன் வெட்கப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதைப் படிக்கிற உங்களிலும் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னையில் மருந்தியல் பட்டம் வாங்கிய கையோடு, மரக்காணம் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை கோட்டக்குப்பத்துக் காதர் பாயுடையது. அதற்காகப் படித்தவர் ஒருவர் கடையில் நின்றால்தான் உரிமம் உண்டு என்று சட்டம் சொன்னது. பாய் சட்டத்துக்காக என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஊர் முதலில் என்னை டாக்டரம்மா என்றது. நான் டாக்டர் அல்ல என்று திருத்தித் திருத்தி அலுத்து, கடைசியில் மாத்திரையம்மா என்ற இடத்தில் இரு தரப்பும் சமாதானம் ஆனோம்.

வாச்சு கெட்டுப்போச்சு

சகாயமேரி உப்பளத்தில் வேலை செய்கிறவள். உப்புத் தண்ணீர் அரித்த கால் வெடிப்புக்குக் களிம்பு வாங்க அடிக்கடி வருவாள். ஒரு நாள் களிம்பு கேட்காமல் வெறுமனே நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "எங்க வூட்டுக்காரருக்கு வாச்சு கெட்டுப்போச்சுங்க" என்றாள். காதர் பாய் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே எதிர்வரிசையில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் பக்கம் கையைக் காட்டினார். "அங்க குடும்மா, சாயங்காலத்துக்குள்ள ஓட வெச்சிடுவான்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கையில கட்டற வாச்சு இல்ல பாய். கப்பல் வாச்சு!"

அவள் கணவர் அருளப்பன் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். கப்பலில் வேலை முறைக்கு வாச்சு என்று பெயர். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம் வேலை. மூன்று ஆட்கள் மாறி மாறி நிற்பார்கள். அருளப்பனுக்குக் கிடைத்தது பன்னிரண்டு-நாலு. பகலில் உச்சி வெயிலில் ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை. சூயஸ் கால்வாய் அடைபட்டு, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நீண்ட பயணம் முடிந்து விடுப்பில் வந்தவர் வீட்டிலும் அதே வாச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நள்ளிரவானால் எழுவாராம், சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்து வரப்பின்மேல் நடப்பாராம், நாலு மணிக்குத் திரும்பி வந்து படுப்பாராம். ஒரு நாள் இவள் பின்னாலேயே போய்க் கூப்பிட்டிருக்கிறாள். "சுக்கான் நேரா இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது. காலையில் கேட்டால், நான் எங்கே போனேன், தூங்கிக்கொண்டல்லவா இருந்தேன் என்கிறாராம்.

விழித்துக்கொண்டு நடக்கிறாரா, தூக்கத்தில் நடக்கிறாரா என்று கேட்டேன். மருந்துக்கு அது முக்கியம் என்றும் சொன்னேன். சகாயமேரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது தெரிஞ்சா நான் ஏங்க உங்ககிட்ட வர்றேன்? வரப்புல இருந்து விழுந்தா முட்டிவரைக்கும் தண்ணி. கப்பல்ல இருந்து விழுந்தா?"

வாயும் காலும்

மருந்துச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தர மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். மறுநாள் புருஷனையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள், பழுதான சாமானைக் கடையில் காட்டுவதுபோல. உயரமான மனிதர். கண்ணுக்குக் கீழே தோல் பை போலத் தொங்கியது. பெஞ்சில் உட்காருவதற்குமுன் அதைக் கையால் அசைத்துப் பார்த்தார். ஆடாத பெஞ்சு என்று உறுதியான பிறகும் முழு நம்பிக்கையோடு உட்காரவில்லை.

சகாயமேரியின் வழக்கு வேறு ஒரு திசையில் போயிற்று. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் அவள் விடியுமுன்பே எழ வேண்டியவள். முன்பெல்லாம் சேவல் எழுப்பியது; இப்போது இவர் எழுப்புகிறார். எழுப்பிவிட்டுச் சும்மா போகவும் மாட்டேன் என்கிறார். "எழுந்துட்டேன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாருங்க. காலைக் கீழ வெய்யி, காலைக் கீழ வெய்யின்னு தலைமாட்டுலயே நிக்கறாரு. கட்டின பொண்டாட்டியைக் கப்பல் கலாசி மாதிரியா எழுப்புவாங்க?" அருளப்பன் சிரிக்கவில்லை. கப்பலில் அது வழக்கம் என்று எனக்கு விளக்கினார். வாச்சு மாறுவதற்குச் சற்று முன்னால் மேலே நிற்கிற ஆள் கீழே வந்து, அடுத்து நிற்க வேண்டியவரை எழுப்ப வேண்டும். படுத்திருப்பவருடைய இரண்டு காலும் தரையில் படுகிறவரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பதில் சொன்னால் போதாதா, காலைப் போய் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் எனக்காக மெதுவாகச் சொன்னார்: "வாயி தூக்கத்துலயே 'வர்றேன்'னு சொல்லிடும், மாத்திரையம்மா. காலு ரெண்டும் தரையில பட்டாதான் ஆளு முழிச்சிட்டான்னு அர்த்தம். காலு பொய் சொல்லாது."

எஞ்சின் பக்கத்தில் படுக்கை

மாத்திரைக்குப் பதில் நான் கொடுத்தது அறிவுரை. அது இலவசம் என்பதால் காதர் பாய்க்குப் பிடிக்காத சரக்கு. ஜன்னலைச் சாக்கால் மூடுங்கள், பேச்சைக் குறையுங்கள், இருட்டிலும் அமைதியிலும் படுக்க வையுங்கள் என்றேன். சகாயமேரி வீட்டையே சவப்பெட்டி மாதிரி அடைத்தாள். அருளப்பன் அந்த இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். பிறகு ஒரு நாள் காணாமல் போனார். தேடிப் போனால், உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற எண்ணெய் எஞ்சினுக்குப் பக்கத்தில், கொளுத்துகிற வெயிலில், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தது. பல வருஷம் எஞ்சின் சத்தத்தின்மேல் படுத்தவருக்கு நிசப்தம்தான் இரைச்சல்.

அன்று முதல் அதுவே அவர் படுக்கையறை. உப்பளத்து மேஸ்திரிக்கு இது பொறுக்கவில்லை. அவரிடம் வேலை செய்கிற பெண்கள் உப்புக் குவியலின் நிழலில் சற்றே கண் அசந்தாலும் அரை நாள் கூலியைப் பிடிக்கிறவர் அவர். அவர் கண்ணெதிரே ஓர் ஆண்பிள்ளை சும்மா படுத்துத் தூங்குவது ஒழுங்கைக் கெடுக்கும் என்று எண்ணினார். ஒரு நாள் வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தினார். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆபத்து என்று அருளப்பனின் உடம்புக்குத் தெரியும். சத்தம் நின்ற மறுகணமே துள்ளி எழுந்து, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல், வரப்பின்மேல் சுக்கானைத் தேடிக்கொண்டு ஓடினார். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துச் சிரித்துச் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். சகாயமேரி ஒருத்தி மட்டும் உப்பு வாருகிற பலகையைக் கீழே போடாமல் நின்றாள். மேஸ்திரி கையைக் குவித்துக்கொண்டு கூவினார்: "டேய் சுக்கானி, கப்பலு கரை தட்டிடுச்சு! எறங்கி ரெண்டு கூடை உப்பு வாரு!"

விழிக்க ஒரு மாத்திரை

கோட்டக்குப்பத்துத் தாவூது காதர் பாய்க்குத் தூரத்து உறவு. அவரும் சுக்கான் பிடிப்பவர்தான், அருளப்பனைவிட இளையவர், வாய் ஓயாதவர். கடைக்கு வந்தால் அத்தர் வாசனை அவருக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் இடம் பிடிக்கும். தூக்கத்துக்கு மருந்து கேட்டு வருகிறவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அவர் கேட்டது புதிதாக இருந்தது. தூங்காமல் இருக்க ஒரு மாத்திரை வேண்டும்.

அவர் போகவிருந்த கப்பலில் ஆட்களைக் குறைத்துவிட்டார்களாம். சுக்கானுக்கு மூன்று பேர் நின்ற இடத்தில் இனி இரண்டு பேர். ஆறு மணி நேரம் நின்றால் ஆறு மணி நேரம் ஓய்வு. "ஆறு மணி நேரம் ஓய்வா, பரவாயில்லையே" என்றார் காதர் பாய், கடையைக் காலையில் திறந்து இரவில் மூடுகிற தம் நாளை நினைத்துக்கொண்டு. தாவூது கையெடுத்துக் கும்பிட்டார். "மாமு, அந்த ஆறுல குளிக்கணும், துவைக்கணும், சாப்பிடணும், நடுவுல மேல்தளத்துல துரு தட்டற சத்தத்தைக் கேக்கணும். கண்ணு சொருகற நேரத்துக்குக் கரெக்டா ஒருத்தன் வந்து காலைப் பாக்க நிப்பான். ரெண்டு மாசம் இப்படிப் போச்சுன்னா நிக்கிறவன் ஆளா, தூணான்னு தெரியாது." மூன்று பேர் வேலையை இரண்டு பேரிடம் கொடுத்தவன் கணக்கில் மிஞ்சுவது ஒரு சம்பளம், அதை இவர்கள் உடம்பிலிருந்து எடுக்கிறான். இதற்கு மருந்துக் கடையில் மாத்திரை இல்லை, இருந்தாலும் தர மாட்டேன், கண்ணை வலுக்கட்டாயமாகத் திறந்து வைக்கிற மருந்து பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளும் என்று நீளமாகச் சொன்னேன். தாவூது முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

கேட்டுவிட்டு, காதர் பாய் பக்கம் திரும்பினார். "தூங்க மாத்திரை கேட்டா இல்லன்றாங்க. முழிக்க மாத்திரை கேட்டாலும் இல்லன்றாங்க. யா அல்லா, இந்தக் கடையில என்னதான் மாமு விக்கிறீங்க?"

நாக்கை நீட்டு

சில வாரங்களில் அருளப்பனுக்குப் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. உடனே வந்து கப்பலேற வேண்டும். அது தாவூது போகிற அதே கப்பல். அதே ஆறுக்கு ஆறு. மறுத்தால் கப்பலேறக் காத்திருப்பவர்கள் வரிசையில் அவர் முறை போய்விடும். அடுத்த முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சகாயமேரிக்கோ உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, வெயில் நேரத்தில் கண் மங்கத் தொடங்கியிருந்தது. உப்பளத்தில் அவள் இன்னும் அதிக காலம் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே போகாமல் இருக்க முடியாது. ஆனால் போக அவர் பயந்தார். முந்தைய பயணத்தில், சுக்கானைப் பிடித்து நின்றுகொண்டிருக்கும்போதே, கண் திறந்தபடி, எதிரே கடலுக்குப் பதில் உப்பளத்தைக் கண்டாராம். சகாயமேரி தலையில் கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தாளாம். அவளுக்கு வழி விடுவதற்காகச் சுக்கானைத் திருப்பியிருக்கிறார். அதிகாரி போட்ட கூச்சலில்தான் கடல் திரும்பி வந்திருக்கிறது.

உடல்நிலை சரியில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் முறை போகாமல் சில மாதம் வீட்டில் இருக்கலாம். சகாயமேரி கேட்டுக்கொண்டதால் அவர்களோடு நானும் மருத்துவரிடம் போனேன். அவர் ஊரையும் பேரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு அது ஒரு கௌரவமாகிவிடும். அவர் அருளப்பனை நாக்கை நீட்டச் சொன்னார். முதுகில் குழல் வைத்தார். கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, ரத்தம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். நான் எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன்: இவர் தூக்கத்தில் எழுந்து நடக்கிறார், கூப்பிட்டால் பதிலும் சொல்கிறார், காலையில் எதுவும் நினைவில்லை, இன்னும் குறைந்த தூக்கத்தில் இவரைக் கடலுக்கு அனுப்புவது கொலைக்குச் சமம். கொலை என்ற சொல்லுக்கு மருத்துவர் சிரித்தார்.

"பட்டணத்துல படிச்சவங்க இப்படித்தான் பேசுவீங்க. தூக்கம் வரலேங்கறதெல்லாம் பணக்காரன் வியாதிம்மா. இவனைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கான். ரெண்டு ஆள் வேலை செய்வான்!"

திண்டிவனம் பஸ்

சான்று எழுதித் தராத மருத்துவர் சொன்னபடியேதான் ஆகப்போகிறது, இரண்டு ஆள் வேலைதான். அருளப்பன் புறப்பட்ட நாளில் கடை வாசலில் நின்றே பஸ்ஸைப் பார்த்தேன். பஸ் நிற்கிற இடம் எதிரேதான். தகரப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். சகாயமேரி உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால்வரை உப்புப் பூத்துக் காலுறை போட்டதுபோல வெளுத்திருந்தது. அவர் ஒரு பேச்சுக்கு, உப்பளத்துக்குப் போகிறபோது கண்ணுக்குத் துணி கட்டிக்கொள் என்றார். துணி கட்டிக்கொண்டால் உப்பு எப்படித் தெரியும் என்று அவள் சண்டைக்குப் போனாள். பஸ் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அருளப்பனின் தலை சாய்ந்தது. அந்தச் சத்தம் போதும் அவருக்கு. பஸ் நகர்வதற்குள் தூங்கியே போனார்.

அவள் ஜன்னல் கம்பியைத் தட்டவில்லை. கூடவே நாலு எட்டு நடந்தாள், பிறகு நின்றாள். திரும்பி வந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் கேட்டாள்: "அங்க இவரு காலைப் பாக்கறதுக்கு ஒரு நல்ல ஆளா இருப்பானாங்க?"

தாவூது பார்த்தது

நல்ல ஆள்தான் இருந்தார். அந்த ஆள் தாவூது.

மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் மறுபடி பாத்தி கட்டத் தொடங்கியபோது செய்தி வந்தது. அருளப்பன் கடலில் விழுந்துவிட்டார், உடல் கிடைக்கவில்லை. கப்பல் கம்பெனியின் ஆள் ஒருவர் ஊருக்கு வந்து சகாயமேரியிடம் விசாரணையின் முடிவைச் சொல்லிவிட்டுப் போனார். முறைப்படி எழுப்பினார்கள், எழுப்பியவர் இரண்டு காலும் தரையில் பட்டதைப் பார்த்தார், ஆகவே அருளப்பன் நன்றாக விழித்திருந்தார், தானாக நடந்து போனார். வேலைப் பளுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'தானாக' என்ற அந்த ஒரு சொல்லை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில் அது 'தானாகவே' என்று ஆயிற்று. மாதா கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'குதித்துவிட்டார்' என்று ஆகிவிட்டது.

தாவூது ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்கு வந்தார். அத்தர் வாசனை இல்லை. ஆள் அனுப்பிச் சகாயமேரியை வரவழைத்தோம். நின்றுகொண்டே சொன்னார். அவர் ஆறு மணி நேரம் நின்று முடித்து, சுக்கானை அதிகாரி கையில் கொடுத்துவிட்டுக் கீழே போய் அருளப்பனை எழுப்பியிருக்கிறார். "வர்றேன்" என்று பதில் வந்தது. தாவூது போகவில்லை. கால் இரண்டும் தரையில் படுகிறவரை நின்றார். அருளப்பன் எழுந்து சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டதையும், மேலே நிற்கும்போது குடிக்கிற டீக்குவளையைக் கையில் எடுத்ததையும் பார்த்தார். திரும்பிப் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்; அதிகாரி வரைபடம் பார்க்க உள்ளறைக்குப் போய்விட்டார். மாற்ற ஆள் வரவில்லை. வரவில்லை என்பதைக் கவனிக்கத் தாவூதாலும் முடியவில்லை. நின்றபடியே அவருக்கும் கண் இருண்டுவிட்டது. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. தேடியபோது மேல்தளத்தின் ஓரக் கம்பிக்குப் பக்கத்தில் டீக்குவளை மட்டும் இருந்தது. "ரெண்டு காலும் தரையில இருந்துச்சு, அக்கா. குர்ஆன் மேல ஆணை. விசாரணையில கேட்டாங்க, பார்த்ததைச் சொன்னேன். நான் பார்த்தது உண்மைதானே?"

உண்மை என்றுதான் நானும் நினைத்தேன். சகாயமேரி அவரைத் திட்டவில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னாள். "விசாரிச்சவங்க என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தாவூது தம்பி. அவரு காலு தூங்கிக்கிட்டே நடக்கும். கட்டினவ எனக்குத்தானே அது தெரியும்?"

பூசை

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு பூசை. இறந்தவருக்காகக் கோயிலில் வைக்கிற பூசை, அவ்வளவுதான். பங்குச் சாமியார் கெட்டவர் அல்லர். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. உயிரைத் தானே போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபையில் பூசை வைப்பதில்லையே என்று தயங்கிக்கொண்டிருந்தார். சகாயமேரி தாவூதையும் என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனாள். கோயில் முற்றத்தில் வேப்ப மரத்தடியில் நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்தால், ஏதோ தேர்தல் கூட்டணி என்று தோன்றியிருக்கும். தூக்கத்தில் நடப்பதைப் பற்றி நான் படித்ததை எல்லாம் சொன்னேன். சாமியார் மரியாதையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், முடிவு சொல்லவில்லை. தாவூது தாம் பார்த்ததை மறுபடி சொன்னார். அதுவும் விசாரணையில் சொன்ன அதே சொற்களாகத்தான் வந்தது, இரண்டு காலும் தரையில் என்று.

சகாயமேரி குறுக்கிட்டாள். "சாமி, சாகப் போறவன் சட்டைக்குப் பொத்தான் போடுவானா? டீ குடிக்கக் குவளை எடுத்துக்கினு போவானா? வூட்ல இருந்தப்பவும் இப்படித்தான் சாமி, சட்டையை மாட்டிக்கினு கெளம்புவாரு. இங்க வரப்பு இருந்துச்சு, நடந்தாரு. அங்க வரப்பு இல்ல. எங்க வூட்டுக்காரரு சாகப் போவல சாமி. வாச்சுக்குப் போனாரு." பூசை வரும் சனிக்கிழமை காலை என்றார் சாமியார்.

சனிக்கிழமை சகாயமேரி உப்பளத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். மேஸ்திரி பூசைக்காக விடுப்பு தரவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்தாள். நான் பின்னால் இருந்தேன். தாவூது வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அருளப்பனின் பெயரைச் சொல்லிச் சாமியார் மன்றாடத் தொடங்கியபோது, அவள் தலை மெல்லச் சாய்ந்து, பக்கத்துச் சுவரில் போய்ச் சேர்ந்தது. உப்புப் பூத்த இரண்டு காலும் தரையில் பதிந்திருக்க, புருஷனின் பூசையில் அவள் தூங்கிப்போனாள். பக்கத்தில் இருந்தவள் பதறிப்போய் எழுப்பக் கையை நீட்டினாள். பீடத்திலிருந்த சாமியார் மன்றாட்டை நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விடும்மா, எழுப்பாத. அந்த வூட்ல ஒருத்தராவது தூங்கட்டும்."

தூக்கம் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் நான் மருந்துச் சீட்டு கேட்டேன். அவர்கள் தூக்கத்தை எடுத்துக்கொண்டவர்களிடம் யாரும் எந்தச் சீட்டும் கேட்டதில்லை.